கூடத்தைப் படமெடுக்க எந்த வைட் ஆங்கிள் லென்ஸ்?

கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடுகளில் ரேழியைக் கடந்து கூடத்தில் கேமராவை நிறுத்தினால், பின்னால் நகர இடமின்றி முதுகு சுவரில் முட்டிவிடும் என்பதால், 4×5 அங்குல பிலிம் கேமரா வைத்திருப்பவர்கள் பலர் மிக அகலமாகக் காட்டும் 65 மி.மீ. லென்ஸைத் தேடுகிறார்கள். முதலில் வாங்க வேண்டியது 90 மி.மீ. லென்ஸ் என்பதே என் கருத்து, 35 மி.மீ. கேமராவில் ஏறத்தாழ 28 மி.மீ. லென்ஸ் காட்டும் அகலத்தை அது காட்டும்.

கோணத்தைவிடப் பிம்ப வட்டமே, அதாவது லென்ஸ் பிலிமின் மேல் விழச்செய்யும் வட்டமான பிம்பத்தின் அளவே, இங்கு முக்கியம். பிலிமின் நான்கு மூலைகளையும் நிரப்ப ஏறத்தாழ 153 மி.மீ. விட்டம் போதும், ஆனால் தூண்கள் சாயாதிருக்கக் கேமராவை மட்டமாக வைத்து, உத்தரம் வரை தெரியும்படி லென்ஸை மட்டும் மேலே உயர்த்தும்போது, அந்த வட்டத்தில் மிச்சம் இருந்தாக வேண்டும். லென்ஸின் துளையை எஃப்/22 அளவுக்குச் சுருக்கும்போது நிக்கார் 90 மி.மீ. எஃப்/8 லென்ஸ் 235 மி.மீ. வட்டம் தருகிறது, சூப்பர் ஆங்குலான் 65 மி.மீ. எஃப்/5.6 தருவது 170 மி.மீ. மட்டுமே என்பதால், சற்று அதிகமாக உயர்த்தினாலே படத்தின் மூலைகள் கறுத்துவிடும்.

முற்றத்து வெளிச்சம் எட்டாத மூலைகளில் ஃபோகஸ் செய்ய, எஃப்/8-ஐவிட மூன்று மடங்கு ஒளி தரும் எஃப்/4.5 லென்ஸ் உதவும், எடை கூடுதல்தான். நான் கடைசித் தூணடியில் ஒரு டார்ச்சை எரியவிட்டுச் சமாளிக்கிறேன். லென்ஸுடன் பை வடிவ பெல்லோஸையும் (லென்ஸ் பகுதியையும் பிலிம் பகுதியையும் இணைக்கும் ஒளிபுகா உறை) வாங்கிவிடுங்கள். சாதாரண பெல்லோஸ் இறுகிக்கொண்டு லென்ஸை உயர்த்த விடாது.