புது ஊர் மொழி கற்க, தெரிந்த வசனமே பாடப்புத்தகம்

வெளிநாட்டு நகரத்துக்கு மிஷனரியாகப் போகிறீர்களா? அந்த ஊர் மொழி வேதாகமத்தின் ஒலிப்பதிவைப் போனில் இறக்கி, மாற்கு சுவிசேஷத்தைக் கேட்டுக்கொண்டே கூடவே வாய்விட்டு வாசியுங்கள். நான்கு சுவிசேஷங்களில் இதுதான் சிறியது, 16 அதிகாரம்; பெரும்பாலும் சம்பவங்கள். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் அகராதியைப் புரட்டாமலே 'எழுந்திரு', 'வா', 'எங்கே' எல்லாம் காதில் ஒட்டிக்கொள்ளும். சந்தேகம் வந்தால் வசன எண்ணைப் பிடித்துத் தமிழில் பார்த்துக்கொள்ளலாம். சில இடங்களில், முக்கியமாகச் சங்கீதத்தில், எண் மாறலாம்: சினோடல் என்ற ரஷ்ய வேதாகம மொழிபெயர்ப்பில் நம் 23-ஆம் சங்கீதம் 22.

பழைய மொழிபெயர்ப்பு வேண்டாம். அந்த நடையில் பஸ்ஸில் வழி கேட்டால் சிரிப்பார்கள். வாடகை, விசா பேச்சுக்கு இந்த வழி உதவாது, அதற்கு அக்கம்பக்கத்தாரிடம் பேசித்தான் பழக வேண்டும்.