நீங்க பண்ண டிஜே மிக்ஸ ஃபிரெண்ட்ஸுக்கு அனுப்பினா "செம்ம மச்சான்"னு மட்டும்தான் பதில் வருதா?

டெக் (பாட்ட ஓட்டுற பிளேயர்) கனெக்ட் பண்றது, பீட்மேட்ச் (ரெண்டு பாட்டோட தாளத்த ஒண்ணா ஓட வைக்கிறது) பண்றதெல்லாம் இங்க சொல்லப் போறதில்ல. ரெண்டு பாட்ட சேத்து ஓட்டத் தெரிஞ்சிடுச்சு, அடுத்தவங்க காதுக்கு எப்படி இருக்குன்னுதான் தெரியலன்னா மேல படிங்க.

மொதல்ல மிக்ஸ சின்னதா வைங்க, 20 நிமிஷம், ஆறேழு பாட்டு போதும். கேஎல்ல (கோலாலம்பூர்) ஒரு மணி நேரம் உக்காந்து புது ஆளோட மிக்ஸ யாரும் கேக்க மாட்டாங்க லா.

அடுத்து ரெக்கார்டிங், என்னைய ராத்திரி பூரா முழிக்க வச்சது இதுதான். பட்டன அமுக்குறேன், ஒன்னும் ஆகல. கேபிள மாத்தி, சாஃப்ட்வேர அழிச்சி திரும்பப் போட்டு, கடைசில பாத்தா டெக்ல இருந்த ஒரே ஒரு ஸ்ட்ரீமிங் பாட்டுதான் காரணம். லைசன்ஸ் விஷயம், ஸ்ட்ரீமிங் பாட்டு லோட் ஆகி இருந்தா ரெக்கார்ட் பண்ண விட மாட்டாங்க, ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோன்னு ரெண்டு டிஜே சாஃப்ட்வேர்லயும் அப்படித்தான். காசு குடுத்து வாங்கி லேப்டாப்ல வச்சிருக்கிற ஃபைல மட்டும் போட்டு மிக்ஸ் பண்ணுங்க. சாஃப்ட்வேருக்கு செலவு பண்ண மனசில்லன்னா மிக்ஸ்எக்ஸ் இருக்கு, இலவசம், ரெக்கார்டிங்கும் உள்ளயே இருக்கு. ஃபோன ஸ்பீக்கர் முன்னாடி வச்சி பிடிக்கிறத மட்டும் தயவுசெஞ்சி விட்டுடுங்க, ஃபேன் சத்தத்தப் பத்திதான் கமெண்ட் வரும்.

மாஸ்டர் மீட்டர் (மொத்த சத்தத்தக் காட்டுறது) செவப்புக்குப் போகக்கூடாது. ரெண்டு பாட்டும் சேந்து ஓடுற எடத்துலதான் எகிறும், அதனால அந்த எடத்த மொதல்ல ஓட்டிப் பாத்து லெவல் வைங்க. சத்தம் கம்மியா இருந்தா அப்புறம் ஏத்திக்கலாம், கிளிப் ஆயிட்டா, அதாவது அளவு தாண்டி சத்தம் கிழிஞ்சிட்டா, காப்பாத்த முடியாது. வேவ் ஃபைலா 20 நிமிஷம் 200 எம்பி கிட்ட வரும், 320 எம்பி3யா மாத்தினா 50க்குள்ள அடங்கிடும்.

எங்க போடுறது? ஃபீட்பேக் வேணும்னா என் ஓட்டு சவுண்ட்கிளவுட்டுக்குதான், பிரைவேட் லிங்க் குடுத்தா கேக்குறவங்க சரியா அந்த செகண்ட்லயே கமெண்ட் போடலாம். ஆனா சினிமா பாட்டு நெறைய இருந்தா காப்பிரைட்ல தூக்கிடலாம், பிரைவேட்டா வச்சாலும் சோதிப்பாங்க. மிக்ஸ்கிளவுட் லைசன்ஸ் வாங்கி நடத்துற எடம், ஊருக்கே காட்டணும்னா அங்க போங்க.

இப்ப முக்கியமானது, கேள்வி. "எப்படி இருக்கு?"ன்னு கேட்டா "செம்ம"தான் வரும், அவங்க மேல தப்பில்ல. "4:20ல ரெண்டு பாட்டோட பேஸும் மோதுதா? 11:05ல அடுத்த பாட்டு பல்லவி நடுவுல வந்து விழுதா?"ன்னு நேரத்தோட கேளுங்க, மூணு கேள்விக்கு மேல வேணாம், கூடவே பாட்டு லிஸ்ட்டும் நேரத்தோட. கல்யாணத்துல வாசிக்கிற டிஜே ஒருத்தர், ஆட மட்டும் தெரிஞ்ச ஒருத்தர், ரெண்டு பேருக்கும் அனுப்புங்க. முதலாமவர் ஈக்யூ (பேஸ், ட்ரெபிள் அளவு) பத்தி சொல்லுவாரு, ரெண்டாமவர் எங்க கால் நின்னுச்சின்னு சொல்லுவாரு, எனக்கு ரெண்டாவதுதான் அதிகம் ஒதவுது. அனுப்புறதுக்கு முன்னாடி ஜாலான் ஈப்போ ஜாம்ல மாட்டுறப்ப மைவி கார் ஸ்பீக்கர்ல நீங்களே ஒரு தடவ கேட்டுடுங்க, ஹெட்ஃபோன் மறைக்கிறத கார் காட்டிக் குடுத்துடும்.

அப்டேட்: பழைய குத்துப் பாட்டு போட்டா பாதில பீட் வெலகுதுன்னு சிலர் கேட்டிருந்தீங்க. அதெல்லாம் ஆளுங்க நேர்ல வாசிச்சது, வேகம் கூடிக் கொறையும், சாஃப்ட்வேர் போடுற பீட் கிரிட் (தாளக் கோடுங்க) ஒட்டாது. ரெக்கார்ட்பாக்ஸ்ல அந்தப் பாட்ட மட்டும் டைனமிக் மோட்ல திரும்ப அனலைஸ் பண்ணுங்க. அப்பவும் ஒட்டலன்னா தானா தாளத்த சேக்குற சிங்க் பட்டன நம்பாதீங்க, ஜாக் வீல்ல (கையால சுத்துற வட்டத் தட்டு) கைய வச்சே ஓட்டுங்க.