இணையம் அறுந்த நாளிலும் கேம் திறக்க வேண்டுமா? முன்கூட்டியே செய்ய வேண்டியவை

ஒரு சனிக்கிழமை மாலை, ஆசையாக வாங்கிவந்த கேம் பெட்டியைப் பிரித்தேன். உள்ளே ஒரு டிவிடி, ஒரு கையேடு. கையேட்டின் பின்னட்டையில் ஒட்டியிருந்த சிறு தாளில் எழுத்தும் எண்ணும் கலந்த நீளக் குறியீடு. இன்ஸ்டால் ஆக நாற்பது நிமிடம். பிறகு குறியீட்டைக் கேட்டது. நான்காவது கட்டத்தில் இருப்பது பூஜ்யமா, ‘ஓ’ என்ற எழுத்தா என்று புரியாமல், தாளை விளக்கருகே பிடித்துப் பார்த்து, மாற்றி மாற்றித் தட்டி ஒருவழியாக முடித்தேன். அடுத்த நொடி, சர்வருடன் தொடர்புகொள்ள முடியவில்லை என்றது திரை. அன்று மதியம்தான் எங்கள் தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் பிராட்பேண்ட் கேபிளை அறுத்திருந்தார்கள். திங்கள் இரவுவரை அந்தப் பெட்டி மேசைமேல் அலங்காரப் பொருளாக உட்கார்ந்திருந்தது. இத்தனைக்கும் அது ஒருவர் மட்டும் தனியாக ஆடும் விளையாட்டு.

காசு கொடுத்து வாங்கியவன்தான் வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது என்ற எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை. அந்த எரிச்சலில், பூட்டை உடைக்கும் கிராக் கோப்பைத் தேடி ஓடி, கணினிக்குள் வைரஸைக் குடியேற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம். இணையம் இருக்கும் நாளிலேயே சில வேலைகளை முடித்து வைத்தால் பெரும்பாலான தலைவலி வராது.

படி 1: உங்கள் கேம் எப்போது அனுமதி கேட்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கேம் சர்வரிடம் அனுமதி பெறுவதை ஆக்டிவேஷன் என்று ஒரே பெயரில் சொன்னாலும் இதில் மூன்று ரகம் உண்டு.

முதல் ரகம், ஒரே ஒரு முறை கேட்பது. 2004 நவம்பரில் வந்த ஹாஃப்-லைஃப் 2 இப்படித்தான். கையில் டிஸ்க் இருந்தாலும், ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் கணக்கு தொடங்கி, இணையத்தில் சரிபார்த்த பிறகுதான் திறந்தது. அன்று அது பலருக்கு அதிர்ச்சி, இன்று வழக்கமாகிவிட்டது.

இரண்டாவது ரகம், எண்ணி எண்ணி அனுமதிப்பது. 2007இல் பயோஷாக் வந்தபோது முதலில் இரண்டு ஆக்டிவேஷன்தான் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் ஐந்தாக்கினார்கள். 2008இல் அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். அதே 2008இல் ஸ்போர் மூன்று என்ற கணக்கோடு வந்து வாங்கிக்கட்டிக்கொண்டது. இப்போது பெரிய கேம்கள் பலவற்றில் இருக்கும் டெனுவோ என்ற நகல் தடுப்புப் பூட்டும் ஏறக்குறைய இந்த ரகம்தான். ஆனால் அங்கே பொதுவாக ஒரு நாளைக்கு ஐந்து கணினி என்று கணக்கு. மறுநாள் எண்ணிக்கை மறுபடி தொடங்கும்.

மூன்றாவது ரகம் ஆடும் நேரம் முழுவதும் சர்வரின் கையைப் பிடித்துக்கொண்டே இருப்பது. 2010 மார்ச்சில் அசாசின்ஸ் க்ரீட் 2 கணினிக்கு வந்த சில நாட்களிலேயே அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனத்தின் சர்வர்கள் படுத்துக்கொண்டன. கடைக்குப் போய் வாங்கியவர்கள் தனியாக ஆடும் கதையைக்கூடத் தொடர முடியவில்லை. பிற்பாடு அந்த விதியைத் தளர்த்தினார்கள். 2014இல் வந்த தி க்ரூ என்ற கார் பந்தய விளையாட்டின் முடிவு இன்னும் மோசம். 2024 மார்ச் 31 அன்று சர்வரை மூடியதும் மொத்த விளையாட்டும் செத்துப்போனது. இந்த ரகத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. கீழே சொல்லும் எல்லாம் முதல் இரண்டு ரகத்துக்குத்தான்.

படி 2: வாங்குவதற்கு முன் பக்கத்தின் வலது ஓரத்தைப் படியுங்கள்

ஸ்டீமில் ஒரு கேமின் பக்கத்தைத் திறந்தால் டிரெய்லரும் படங்களும் கண்ணை இழுக்கும். அவற்றை விட்டுவிட்டு, வலது ஓரத்தில் கீழே இறங்குங்கள். டெனுவோ போன்ற வெளிப் பாதுகாப்பு இருந்தாலும், ஈஏ அல்லது யூபிசாஃப்ட் கணக்கு தனியாக வேண்டுமென்றாலும், வழக்கமாக அங்கே தனிக் கட்டத்தில் எழுதியிருக்கும். கூடவே பிசிகேமிங்விக்கி என்ற தளத்தில் கேமின் பெயரைத் தேடிப் பாருங்கள். எந்தக் கடையில் வாங்கினால் என்ன பூட்டு என்று அட்டவணையாகவே இருக்கும். இரண்டு நிமிட வேலை.

படி 3: ஸ்டீமை ஆஃப்லைனுக்குத் தயார் செய்யுங்கள்

பலர் தவறுவது இங்கேதான். இணையம் போன பிறகு ஆஃப்லைன் பொத்தானைத் தேடுகிறார்கள். இணையம் இருக்கும்போதே இந்த வரிசையில் செய்யுங்கள்.

ஸ்டீமில் நுழையும்போது ‘ரிமெம்பர் மீ’ என்ற கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் கடவுச்சொல்லைச் சரிபார்க்க மறுபடி இணையத்தைத்தான் கேட்கும்.

அடுத்து, டவுன்லோட்ஸ் பக்கத்துக்குப் போய் அரைகுறையாக நிற்கும் அப்டேட் எல்லாவற்றையும் முடியுங்கள். பாதியில் நிற்கும் அப்டேட் ஒன்று போதும், ஆஃப்லைனில் அந்த கேம் திறக்காது.

பிறகு ஆட நினைக்கும் ஒவ்வொரு கேமையும் ஒருமுறை திறந்து மெனு வரும்வரை காத்திருங்கள். முதல் முறை திறக்கும்போது டைரக்ட்எக்ஸ் போன்ற துணை மென்பொருள்கள் இன்ஸ்டால் ஆகும், கேமின் சொந்த ஆக்டிவேஷனும் அப்போதுதான் நடக்கும். இதைச் செய்யாமல் பதிவிறக்கியதோடு நிறுத்தியவர்களே அதிகம்.

இப்போது இடது மேல்மூலையில் உள்ள ஸ்டீம் மெனுவைச் சொடுக்கி ‘கோ ஆஃப்லைன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். உறுதி கேட்கும், ஒப்புக்கொள்ளுங்கள்.

படி 4: வைஃபையை அணைத்துச் சோதியுங்கள்

மேலே சொன்னதைச் செய்த தைரியத்தில் விட்டுவிடாதீர்கள். வைஃபையை அணைத்து, கேமைத் திறந்து பாருங்கள். திறந்ததா? நல்லது. இனி கணினியையே நிறுத்தி, வைஃபை அணைந்த நிலையிலேயே மீண்டும் இயக்கி, இன்னொரு முறை திறந்து பாருங்கள். முதல் சோதனையில் தேறி இரண்டாவதில் கவிழும் கேம்கள் உண்டு. ஈஏ ஆப், யூபிசாஃப்ட் கனெக்ட் போன்ற இன்னொரு லாஞ்சர் (கேமைத் திறந்துவிடும் செயலி) குறுக்கே வந்தால், அதற்குள்ளும் தனியாக ஒரு ஆஃப்லைன் தேர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூட்டுக்குள் பூட்டு!

இந்தச் சோதனையை வாங்கிய அன்றே செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாங்கி 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆஃப்லைனில் திறக்காத கேமை அந்தக் கெடுவுக்குள்ளேயே திருப்பிவிடுங்கள்.

சோதனை தேறிய பின்னும் டெனுவோ உள்ள கேம்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். விண்டோஸின் பெரிய அப்டேட்டுக்குப் பிறகோ, ப்ராசஸர் மாற்றினாலோ மறுபடி அனுமதி கேட்கலாம். ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் லேப்டாப்பில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டால் போதும்.

படி 5: ஃபார்மட் செய்வதற்கு முன்

பழைய டிஸ்க் கேம்களில் ஆக்டிவேஷன் எண்ணிக்கைக்கு உட்பட்டது என்றால், அதைத் திருப்பித் தரும் வசதி சிலவற்றில் உண்டு. கணினியைத் துடைப்பதற்கு முன் அதைச் செய்யுங்கள். துடைத்த பிறகு செய்ய வழியில்லை. கையேட்டுக் குறியீட்டை செல்பேசியில் படமெடுத்து வைப்பதும் நல்லது. ஒட்டுத்தாள் மங்கிவிடும். ஆனால் விண்டோஸ் 10இலிருந்து சேஃப்டிஸ்க், செக்யூரோமின் சில பழைய பதிப்புகள் ஆகிய டிஸ்க் பாதுகாப்புகளுக்கு இடமில்லை என்பதால், குறியீடு சரியாக இருந்தும் அந்த டிஸ்குகள் பல ஓடாது.

படி 6: அனுமதியே கேட்காத நகலை வாங்கி, வீட்டில் வையுங்கள்

பிடித்த கேம் ஜிஓஜி தளத்தில் கிடைத்தால் நான் அங்கேதான் வாங்குவேன், விலை சற்றுக் கூட இருந்தாலும். 2008இலிருந்து இந்தக் கடை நடக்கிறது; தனியாக ஆடும் கேம்களைப் பூட்டில்லாமல் தருவதுதான் இதன் அடையாளம். பெரும்பாலான பழைய கேம்கள் இன்றைய விண்டோஸில் ஓடும்படி சரிசெய்யப்பட்டும் இருக்கும்.

கணக்கில் நுழைந்து, உங்கள் நூலகத்தில் கேமைச் சொடுக்கினால் ஆஃப்லைன் பேக்கப் இன்ஸ்டாலர்கள் என்ற பகுதி வரும். அங்கே பதிவிறக்குங்கள். சிறிய கேம் என்றால் ஒரே ஒரு எக்ஸ்இ கோப்பு. பெரியது என்றால் ஒரு சின்ன எக்ஸ்இ, அதோடு சுமார் 4 ஜிபி அளவில் வரிசை எண்ணிட்ட ‘பின்’ (.bin) கோப்புகள். எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுப்பதாக இருந்தால் அது எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவத்தில் இருக்கட்டும். ஃபேட்32 வடிவம் 4 ஜிபியைத் தொடும் கோப்பை ஏற்காது.

நகலெடுத்ததும் ஃபோல்டரைத் திறந்து கோப்புகளை எண்ணிப் பாருங்கள். நான் ஒருமுறை எண்ணாமல் விட்டேன். எட்டு மாதம் கழித்து, இணையமே இல்லாத ஒரு வீட்டில் இன்ஸ்டாலரை ஓடவிட்டால், அறுபது சதவீதத்தில் நின்று மூன்றாவது டிஸ்கைப் போடு என்று கேட்டது. டிஸ்கும் கிடையாது, ஒன்றும் கிடையாது. மூன்றாம் எண் ‘பின்’ கோப்பு என் வீட்டு டெஸ்க்டாப்பின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே பத்திரமாக இருந்தது.