பழைய ஃபோர் வீல் வண்டி வாங்கும் முன்: ஓனரிடம் என்ன கேட்பது, ஜாக்கி போட்டு என்ன பார்ப்பது

சென்னையில் செகண்ட் ஹேண்டில் விற்பனைக்கு வரும் ஃபோர் வீல் (நாலு சக்கரமும் இழுக்கும்) வண்டிகளில், நான் பார்த்த வரையில், பாதிக்கு மேல் சேற்றையே பார்த்ததில்லை. ஓ.எம்.ஆர். ஆபீஸுக்கும் வீட்டுக்குமாக ஓடியவை. வாங்கப் போகிறவர்கள் "ஆஃப் ரோடு போன வண்டியா?" என்று பயந்துகொண்டே கேட்பார்கள். "அய்யோ, அந்த ஃபோர் வீல் லீவரைத் தொட்டதே இல்லை சார்" என்று ஓனர் சொன்னதும் முகம் மலர்ந்துவிடும். எனக்கு அந்தப் பதிலைக் கேட்டால்தான் வயிற்றைக் கலக்கும். வருடக்கணக்கில் போடாத ஃபோர் வீல் இறுகிப் போயிருக்கும். முன் சக்கரத்தைப் பூட்ட உதவும் வாக்குவம் (காற்றுறிஞ்சல்) குழாய் வெடித்திருக்கும், லீவரை இணைக்கும் லிங்க்கேஜ் துருப்பிடித்திருக்கும். அளவாக ஆஃப் ரோடு போய், ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டி அதைவிட எவ்வளவோ மேல்.

எஞ்சின் புகை, கிளட்ச், டிங்கரிங் பார்ப்பதெல்லாம் எந்த காருக்கும் உள்ளதுதான், அதை இங்கே எழுதவில்லை. ஃபோர் வீலுக்கே உரிய விஷயங்கள் மட்டும்.

1. முதலில் அது ஃபோர் வீல்தானா?

சிரிக்காதீர்கள். 2023 ஜனவரியிலிருந்து பின் சக்கரம் மட்டும் இழுக்கும் மஹிந்திரா தாரும் விற்பனையில் இருக்கிறது. ஃபார்ச்சூனர், ஸ்கார்பியோ-என், சஃபாரி ஸ்டார்ம் எல்லாவற்றிலும் இரண்டு வகையும் உண்டு. பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்ப வேண்டாம், ஸ்டிக்கர் எந்தக் கடையிலும் கிடைக்கும். கியருக்குப் பக்கத்தில் இரண்டாவது லீவரோ, டேஷ்போர்டில் திருகும் நாபோ இருக்கிறதா பாருங்கள். அப்புறம் கீழே குனிந்து, முன் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட்டைக் கண்ணால் பாருங்கள். "மைலேஜுக்காகக் கழற்றி வைத்திருக்கிறோம், வீட்டில் இருக்கிறது" என்று சொன்னால், அதை மாட்டிக் காட்டிய பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

2. ஓனர்களிடம் பேசுவது

விற்கிறவரோடு நிற்காமல், அதே மாடலை வைத்திருக்கும் வேறு இரண்டு மூன்று பேரிடமும் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஈ.சி.ஆர். டீக்கடைகளில் ஜீப்காரர்கள் நிற்பார்கள். வண்டியைப் பற்றிக் கேட்டால் போதும், டீ ஆறும் வரை பேசுவார்கள்.

"வண்டி எப்படி?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாரும் "சூப்பர்" என்பார்கள், தன் வண்டியை யார் குறை சொல்வார்? நான் கேட்பவை இவை: கடைசியாக எப்போது ஃபோர் வீல் போட்டீர்கள், எங்கே? டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) ஆயிலை எப்போது மாற்றினீர்கள்? எந்த பாகத்துக்காக வண்டி அதிக நாள் ஷெட்டில் நின்றது? இந்த மூன்றாவது கேள்விதான் பொன்னானது. ஜிப்ஸி, பஜேரோ மாதிரி உற்பத்தி நின்றுபோன வண்டிகளில் உண்மை நிலவரம் இந்தப் பதிலில்தான் தெரியும். பஜேரோ எஸ்.எஃப்.எக்ஸ். நம் திருவள்ளூரில் பூட்டப்பட்ட வண்டி. ஃபோர்டு எண்டெவர் மறைமலை நகரில். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஊர்ப் பிள்ளைகள் என்பதற்காக ஸ்பேர் சுலபமாகக் கிடைத்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். "புதுப்பேட்டையில் (பழைய ஸ்பேர் கடைகள் இருக்கும் இடம்) கிடைக்கும் சார்" என்பது விற்கிறவர் வாயில் எப்போதும் இருக்கும். கிடைக்கலாம். எந்தக் கடையில், என்ன விலைக்கு என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே போய் விசாரித்துவிடுங்கள்.

சென்னைக்கே உரிய ஒரு பெருமைப் பேச்சு இருக்கிறது. "2015 வெள்ளத்துல இந்த வண்டிதான் சார் தெருவையே காப்பாத்துச்சு. வேளச்சேரில இடுப்பளவு தண்ணி, நிக்காம ஓடுச்சு." மிக்ஜாம் புயலை வைத்தும், 2023 டிசம்பரில், இதே கதை. கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். மனதார ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: "அதுக்கப்புறம் ஆக்சில் ஆயிலை எப்ப சார் மாத்தினீங்க?" சூடாக இருக்கும் ஆக்சில் திடீரென்று தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மூச்சுவிடும் துளை வழியாகவும் ஆயில் சீல் ஓரமாகவும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்த வண்டியில்கூட டிஃபரென்ஷியலுக்குள் (ஆக்சில் நடுவில் இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் கியர் பெட்டி) தண்ணீர் நிற்கலாம். ஓனர் மனதறிந்து ஏமாற்றுவதில்லை, அவருக்கே தெரியாது.

3. கீழே படுத்துப் பார்ப்பது

வாட்டர் வாஷ் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லி முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள். கழுவிய வண்டியில் ஆயில் கசிவு தெரியாது.

எடுத்துப் போக வேண்டியவை: தலையில் மாட்டும் டார்ச், ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர். போனில் இணைத்து எஞ்சின் கோளாறைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். எஞ்சினுக்குச் சரி, முன் ஹப் (முன் சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டும் பாகம்) வேலை செய்கிறதா என்று அது சொல்லாது. இந்த வேலைக்கு என் ஓட்டு சுத்தியலுக்குத்தான்.

திருவான்மியூர், நீலாங்கரை, பாலவாக்கம் பக்கம் நின்ற வண்டி என்றால் சேசிஸை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். உப்புக்காற்று முதலில் தின்பது சேசிஸின் பின்பகுதியையும், சஸ்பென்ஷன் பிராக்கெட்டுகளையும். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பாருங்கள். புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்த சேசிஸ் என்றால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

முன் பின் டிஃபரென்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றிலும் ஆயில் ஊற்றும் நட்டைக் கழற்றி, விரல் விட்டுத் தொட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். நல்ல ஆயில் தேன் நிறத்திலோ கறுத்தோ இருக்கும். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. இதற்கு ஓனர் சம்மதிக்கவில்லை என்றால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம்.

டயர்: நாலும் ஒரே அளவு, ஒரே அளவு தேய்மானம். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. இரண்டு புதிது, இரண்டு வழுக்கை என்று ஓட்டியவர் ஃபோர் வீல் போட்டிருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடி வாங்கியிருக்கும்.

4. ஜாக்கி சோதனை

இந்த இடத்தில்தான் என்னுடைய தேடல் நாட்கணக்கில் நின்றது. மேடவாக்கம் பக்கம் ஒரு வண்டி. லீவரைப் போட்டால் டேஷ்போர்டில் பச்சை விளக்கு எரிகிறது. ஓனருக்குத் திருப்தி. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த பையன் "ஃபோர் வீல் ஓகே" என்று டிக் அடித்துவிட்டான். கீழே பார்த்தால் முன் ஷாஃப்ட்டும் சுற்றுகிறது. ஆனால் பக்கத்து மனையில் கொட்டியிருந்த எம்-சாண்ட் குவியலில் ஏற்றினால் பின் சக்கரம் மட்டும் குழி தோண்டுகிறது. விளக்கு எரிவதற்கும் முன் சக்கரம் இழுப்பதற்கும் நடுவில் நிறைய பாகங்கள் இருக்கின்றன. பல வண்டிகளில் விளக்கு, டிரான்ஸ்ஃபர் கேஸில் கியர் விழுந்துவிட்டது என்று மட்டும்தான் சொல்லும். அதைத் தாண்டி ஹப் பூட்டிக்கொண்டதா என்று அதற்குத் தெரியாது.

மணல் தேடி அலையாமல் அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கிலேயே கண்டுபிடிக்கும் வழியை ராயப்பேட்டை மெக்கானிக் அண்ணன் ஒருவர் சொல்லிக் கொடுத்தார்.

சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள், பின் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இதில் சோம்பல் கூடாது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். முன் சக்கரம் ஒன்றை மட்டும் தரையிலிருந்து தூக்குங்கள். வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி எனக்குப் பிடிக்காது, ஆடும். பஞ்சர் கடையில் பாட்டில் ஜாக்கியோ டிராலி ஜாக்கியோ வாடகைக்குக் கேளுங்கள். உடம்பின் எந்தப் பகுதியும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

முதலில் 2 ஹெச்சில் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) வைத்து, தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தாராளமாகச் சுற்ற வேண்டும். அடுத்து 4 ஹெச் (நாலு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேக நிலை) போடுங்கள். ஹப் வாக்குவத்தில் இயங்கும் வண்டி என்றால் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்துவிடுங்கள். கையால் பூட்டும் ஹப் என்றால் இரண்டு பக்கமும் லாக்கில் திருப்புங்கள். இப்போது சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அதற்கு மேல் நகரக் கூடாது.

காரணம் எளிது. 4 ஹெச்சில் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். பின் ஷாஃப்ட்டைத் தரையில் இருக்கும் பின் சக்கரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இன்னொரு முன் சக்கரமும் தரையில் இருக்கிறது. டிஃபரென்ஷியலின் இரண்டு வழியும் அடைபட்டபின் தூக்கிய சக்கரம் எங்கே சுற்றும்?

அப்படியும் தாராளமாகச் சுற்றினால் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது: டிரான்ஸ்ஃபர் கேஸில் கியர் விழவில்லை, அல்லது இரண்டு ஹப்களில் ஒன்று பூட்டவில்லை, அல்லது முன் டிஃபரென்ஷியலில் பல் போயிருக்கிறது. கவனியுங்கள், தரையில் இருக்கும் பக்கத்து ஹப் கெட்டிருந்தாலும் தூக்கிய சக்கரம் சுற்றும். அதனால் ஒரு பக்கம் தூக்கினாலே இரண்டு பக்கத்துக் கோளாறும் தெரிந்துவிடும், எது என்றுதான் தெரியாது. சுற்றும்போது முன் ஷாஃப்ட்டும் சேர்ந்து சுற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் பாருங்கள். ஷாஃப்ட் அசையவில்லை என்றால் பெரும்பாலும் ஹப். மேடவாக்கம் வண்டியில் ஷாஃப்ட் அசையவில்லை. ஒரு பக்க ஹப்புக்குப் போகும் வாக்குவம் குழாய் வெடித்திருந்தது. சின்னச் செலவுதான், விலை பேச எனக்கு நல்ல பிடி கிடைத்தது.

5. ஓட்டிப் பார்ப்பது

காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு வளைவு எடுக்காதீர்கள், ஓனர் எடுத்தாலும் தடுங்கள். திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் சின்ன வட்டத்திலும் போகும். அந்த வித்தியாசத்துக்கு இடம் இல்லாமல் ஷாஃப்ட்டுகள் முறுக்கேறிவிடும், லீவர் 2 ஹெச்சுக்குத் திரும்பாது. அப்படி மாட்டிக்கொண்டால் பயப்பட வேண்டாம், நேராக ரிவர்ஸில் சில அடி போனால் விட்டுவிடும்.

பலர் டெஸ்ட் என்று நீலாங்கரைக் கடற்கரை மணலில் இறக்குகிறார்கள். வேண்டாம். பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) ஜனவரியிலிருந்து முட்டையிட வரும் மணல் அது, உப்பு ஈரம் வண்டிக்கும் ஆகாது. புறநகரில் சாலை போடாத லே-அவுட் மண்ணே போதும்.

4 எல் (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் நிலை) போட்டு முதல் கியரில் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் விடுங்கள், நடந்துபோகும் வேகத்தைவிட மெதுவாக ஊர்ந்து போக வேண்டும். நேரான மண் சரிவில் இறங்கும்போது லீவர் தானாக எகிறி வெளியே வந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் தேய்மானம். இது குழாய் மாற்றும் செலவில்லை, பெரிய செலவு.

6. பேப்பர்

அரசின் பரிவாஹன் தளத்தில் கடன் பாக்கி, இன்ஷூரன்ஸ், சலான் பார்ப்பது தெரிந்ததே. கடன் இருந்து அடைத்திருந்தால் படிவம் 35, பெயர் மாற்ற 29, 30. சொந்த வண்டிக்கு ஆர்.சி. 15 வருடம்; அதற்கு மேல் எஃப்.சி. (தகுதிச் சான்று), பசுமை வரி.

டில்லி நம்பர் டீசல் வண்டி சல்லிசாக வரும். அங்கே 10 வருடம் தாண்டிய டீசல் ஓடக் கூடாது என்று தடை வந்ததால் தெற்கே தள்ளிவிட ஆரம்பித்தார்கள். என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரியும் கட்டிய பிறகு எவ்வளவு சல்லிசு என்று கூட்டிப் பாருங்கள்.

லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்கள்), பெரிய டயர், முன்னால் இரும்புக் கம்பி போட்ட வண்டி பார்க்கக் கம்பீரம்தான். முன்கம்பிக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. எஃப்.சி.க்குப் போகும்போது கழற்றும் செலவு உங்கள் தலையில்.

பின்சேர்க்கை: ரெனோ டஸ்டர் ஏ.டபிள்யூ.டி. (தேவைப்படும்போது தானாக நாலு சக்கரமும் இழுக்கும்) வண்டியை ஜாக்கி போட்டுப் பார்த்தேன், சக்கரம் சுற்றுகிறது, கெட்டுவிட்டதா என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. இந்தச் சோதனை லீவரோ நாபோ போட்டு இரண்டு ஷாஃப்ட்டையும் பூட்டும் வண்டிகளுக்குத்தான். டஸ்டரில் எலெக்ட்ரானிக் கிளட்ச், அதற்குச் சரிவான மண்ணில் ஓட்டிப் பார்ப்பதே வழி. முதல் தலைமுறை ஃபார்ச்சூனர் மேனுவலில் எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும். முன், பின் ஷாஃப்ட்டுகளுக்கு நடுவில் இருக்கும் சென்டர் டிஃபரென்ஷியலை லாக் செய்த பிறகுதான் ஜாக்கி சோதனை செல்லும்.

இன்னொன்று: ஹப்பைக் கையால் திருப்பவே முடியவில்லை, சுத்தியலால் தட்டலாமா என்று கேட்டவருக்கு: தட்டாதீர்கள், மூடி உடையும். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஒரு இரவு விட்டு, வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே திருப்புங்கள். அப்படியும் வரவில்லை என்றால் கழற்றிக் கழுவி கிரீஸ் வைக்க வேண்டும். அந்தக் கூலியை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.