பார்வையற்ற ஆட்டக்காரருக்குக் கோர் பயிற்சி: முதுகில் ஒரு பாட்டில் போதும்

என் அக்கா மகன் பார்வையற்றோருக்கான கோல்பால் ஆடுகிறான், பார்வை அறவே கிடையாது. தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு கராஜ்தான் அவனுக்கு ஜிம். முதல் நாள் நான் தரையில் கையும் முழங்காலும் ஊன்றி நின்று, "இப்படிச் செய்யுடா" என்றேன். "மாமா, இப்படின்னா எப்படி?" என்றான். அதற்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

கோல்பாலில் பக்கத்துக்கு மூன்று பேர், எல்லோர் கண்ணையும் மறைத்திருப்பார்கள். மணி வைத்த பந்து 1.25 கிலோ. 9 மீட்டர் அகலக் கோலைக் காக்க, சத்தம் வரும் பக்கம் விழுந்து உடம்பை நீட்டித் தடுக்க வேண்டும். இடுப்பு தொய்ந்தால் பந்து மேலேறிப் போய்விடும். அதற்குத்தான் கோர், அதாவது வயிறு, முதுகு, இடுப்புத் தசைகளுக்கான பயிற்சி.

1. இடம்

கோல்பால் மைதானத்தில் கோட்டு டேப்புக்கு அடியில் கயிறு ஓடும், விரல் வைத்தால் தெரியும். அதையே பாயில் செய்யுங்கள்: நடுவில் நீளவாட்டில் ஒன்று, தலைமாட்டில் குறுக்கே ஒன்று. 3 மில்லிமீட்டர் கயிறு போதும். பாய் மெல்லிய ரப்பராக இருக்கட்டும். மெத்தென்ற யோகா பாயில் கயிறும் தெரியாது, தரையும் தெரியாது.

2. தொட்டுக் காட்டுவது

முதலில் நீங்கள் பயிற்சிக்குரிய நிலையில் இருங்கள், ஆட்டக்காரர் உங்கள் முதுகைத் தடவிப் பார்க்கட்டும். அப்புறம்தான் அவர் உடம்பைத் திருத்துவது. "இடுப்பைத் தொடறேன்" என்று சொல்லி, அவர் சரி என்ற பிறகே தொடுங்கள். சொல்லாமல் கை வைத்தால் உடம்பு விறைத்துக்கொள்ளும், பயிற்சியே கெட்டுவிடும்.

3. டெட் பக்

மல்லாந்து படுத்துக் கை கால்களை மேலே தூக்கி வைத்து, எதிரெதிர்க் கையையும் காலையும் மெதுவாக இறக்குவது. தரையே வாத்தியார்: கீழ்முதுகு தரையை விட்டு எழும்பினால் அவருக்கே தெரியும். இரண்டு வாரம் இதை மட்டும் செய்யுங்கள்.

4. பேர்ட் டாக்

நான் சறுக்கிய இடம் இது. கையும் முழங்காலும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்ட வேண்டும். "முதுகை நேராக வை" என்று கத்திக்கொண்டே இருந்தேன். நேரான முதுகை அவன் எங்கே பார்த்திருக்கிறான்? தலையைத் தூக்கினான், இடுப்பு குழிந்தது.

துடைப்பக் கம்பை அவன் முதுகெலும்பு மேல் வைத்தேன். பின்தலை, தோள்பட்டை நடு, வால் எலும்பு: மூன்று இடத்திலும் கம்பு படுகிறதா? அதுதான் நேர். ஆனால் காலை நீட்டியதும் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது, அதைக் கம்பு சொல்லவில்லை.

அரை லிட்டர் பாட்டிலில் பாதித் தண்ணீர் ஊற்றிக் கீழ்முதுகில் குறுக்காக வைத்தேன். இடுப்பு சாய்ந்ததும் தண்ணீர் சலக்கென்று அந்தப் பக்கம் ஓடியது. நான் வாய் திறப்பதற்குள், "இடது பக்கம் இறங்கிடுச்சு மாமா" என்று அவனே திருத்திக்கொண்டான்.

ஒவ்வொரு தடவையும் 10 விநாடிதான். முதல் சுற்று பக்கத்துக்கு 6, அடுத்து 4, கடைசியில் 2. கனடாவின் முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் சொல்லும் முறையும் இதே மாதிரிதான்: நிமிடக்கணக்கில் பிடிக்காமல், சிறிது சிறிதாகப் பலமுறை.

5. பக்கவாட்டு பிளாங்க், பிறகு நிற்பது

ஒருக்களித்துப் படுத்து, முழங்கையும் முழங்காலும் ஊன்றி இடுப்பைத் தூக்கிப் பிடிக்கும் பிளாங்கில் தொடங்குங்கள். கோல்பாலில் விழுந்து தடுக்கும் நிலைக்கு இதுதான் நெருங்கிய சொந்தம்.

நிற்கும் பயிற்சிக்கு ரப்பர் பேண்டைக் கதவில் மாட்டி, பக்கவாட்டில் நின்று நெஞ்சிலிருந்து முன்னே தள்ளுவது. எதிரே ஒரே இடத்தில் ரேடியோ பாடட்டும், அவருக்குத் திசை தப்பாது. எங்கள் வீட்டில் லோட்டஸ் எஃப்எம்.

2023இல் லோட்ஷெடிங் (முறை வைத்து வரும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது ஒரு மாலை இருவரும் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தோம். விளக்கு அணைந்தது, நான் டூல்பாக்ஸ் மேல் விழுந்தேன். அவனோ, "ரேடியோ ஏன் நின்னுடுச்சு?" என்கிறான். நிலை தடுமாறாமல் நிற்கக் கண், உள்காது, தசையும் மூட்டும் தரும் உணர்வு மூன்றும் வேலை செய்கின்றன. நான் முதலாவதை நம்பியே நாற்பது வருடம் நின்றிருக்கிறேன்.

காற்றடைத்த பெரிய பந்து, ஆடும் பலகை எல்லாம் ஆரம்பத்தில் வாங்காதீர்கள். கால் எங்கே இருக்கிறது என்று தரை சொல்லித் தரும்போது அந்தத் தரையையே ஆட்டுவானேன்?

பின்சேர்க்கை 1: கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர் செய்யலாமா என்று கேட்டிருந்தார்கள். மூச்சை அடக்கி முக்கினாலும், தலை கீழாகத் தொங்கினாலும் கண் அழுத்தம் ஏறும். கிளாக்கோமாவோ விழித்திரைக் கோளாறோ இருந்தால் கண் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். எப்படியும் 10 விநாடியையும் அவரே வாய்விட்டு எண்ணட்டும். எண்ணுகிறவரால் மூச்சடக்க முடியாது.

பின்சேர்க்கை 2: கொஞ்சம் பார்வை உள்ள மகள், பேர்ட் டாக்கில் பாட்டிலைப் பார்க்கத் திரும்பித் திரும்பித் தள்ளிவிடுகிறாள் என்று ஓர் அம்மா எழுதினார். கண்மறைப்பைப் போட்டுவிடுங்கள் அக்கா. கோல்பாலில் எப்படியும் போடத்தான் வேண்டும்.