இன்னும் எத்தனை மிச்சம்? எடைப் பயிற்சி தொடங்கும் பெண்களுக்கு

கேஸ் சிலிண்டர் வந்தால் அதை வாசலிலிருந்து அடுப்படிக்கு உருட்டிக்கொண்டு வருவது எங்கள் வீட்டில் நான்தான். உள்ளே 14.2 கிலோ கேஸ், இரும்பு உருளை ஏறக்குறைய 15 கிலோ. மொத்தம் முப்பது கிலோவுக்குப் பக்கம். அப்படிப்பட்ட நான் 41 வயதில் முதல்முறை ஜிம்முக்குப் போன அன்று என் கையில் கொடுக்கப்பட்டது ஒரு கிலோ ரோஸ் கலர் டம்பெல். "லேடீஸுக்கு இது போதும் மேடம், டோன் ஆகும்" என்றார் ட்ரெயினர். மூன்று மாதம் ஆட்டினேன். கை வலித்ததுகூட இல்லை.

அடுத்துப் போன இடத்தில் நேர்மாறு. முதல் நாளே நூறு ஸ்குவாட், அதாவது நூறு முறை குந்தி எழுவது. "முடியாதுன்னு சொல்லாதீங்க, முடியும்!" என்று பக்கத்தில் நின்று கத்தினார்கள். நாலு நாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். ஐந்தாம் நாளிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது வீட்டிலேயே வாரம் இரண்டு நாள் எடை தூக்குகிறேன். கேட்கிற தோழிகளுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். எந்த உடற்பயிற்சி என்பது இதில் சின்ன விஷயம். எங்கே நிறுத்துவது என்பதுதான் பெரிய விஷயம், பதிவில் பாதி அதற்கே போகும்.

இரண்டு சொற்கள் மட்டும் முதலில். எடையை ஒருமுறை தூக்கி இறக்கினால் ஒரு ரெப். நிறுத்தாமல் பத்து ரெப் செய்துவிட்டு ஓய்வெடுத்தால், அந்தப் பத்தும் சேர்ந்து ஒரு செட்.

படி 1: தொடங்கும் முன்

கர்ப்பமாக இருப்பவர்கள், பிரசவமோ சிசேரியனோ ஆகிச் சில மாதமே ஆனவர்கள், பிபி அல்லது இதயப் பிரச்சினை உள்ளவர்கள், எலும்புத் தேய்மானம் என்று சொல்லப்பட்டவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மற்றவர்களுக்கும் ஒன்று: ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இரண்டில் ஒருவர்! கொஞ்சம் தூக்கினாலே மூச்சு வாங்குகிறது, தலை கிறுகிறுக்கிறது என்றால் "எனக்கு ஸ்டாமினா இல்லை" என்று நம்மை நாமே திட்டிக்கொள்வோம். பல சமயம் குறை ரத்தத்தில் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் எடையைக் கூட்டிப் பயனில்லை.

பொருள்கள்: தட்டு மாட்டிக் கழற்றும் டம்பெல் ஒரு ஜோடி, ஆடாத நாற்காலி ஒன்று, ஒரு நோட்டு, பேனா. நோட்டை விட்டுவிட்டு மற்றதை மட்டும் வாங்காதீர்கள்.

படி 2: ஐந்து அசைவு

குந்தி எழுவது: டம்பெல்லை நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும். முட்டி ஒத்துழைக்கவில்லை என்றால் பின்னால் நாற்காலியைப் போட்டு, அதில் லேசாகத் தொட்டுவிட்டு எழுங்கள்.

இடுப்பை மடக்குவது: இதுதான் எல்லோருக்கும் குழம்பும். இரண்டு கையிலும் பாத்திரம் இருக்கும்போது ஃப்ரிட்ஜ் கதவைப் பின்பக்கத்தால் தள்ளிச் சாத்துவோமே, அதேதான். முட்டி லேசாகத்தான் மடங்கும், இடுப்பு பின்னால் போகும், முதுகு வளையாது. எடை தொடையை உரசிக்கொண்டு முட்டிக்குக் கீழே வரை இறங்கும், அப்படியே திரும்பி மேலே வரும். எடை இல்லாமல் சுவருக்கு முதுகைக் காட்டி ஓர் அடி தள்ளி நின்று, பின்பக்கத்தால் சுவரைத் தொட்டுப் பழகுங்கள்.

இழுப்பது: ஒரு கையை நாற்காலியில் ஊன்றி முன்னால் குனிந்து, மற்றக் கையில் டம்பெல்லைத் தொங்கவிட்டு, முழங்கையை இடுப்புப் பக்கம் இழுக்க வேண்டும். ஜெனரேட்டரைக் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வார்களே, அந்த இழுப்பு. வெடுக்கென்று இல்லாமல் நிதானமாக.

தள்ளுவது: அடுப்படி மேடையில் கை ஊன்றித் தண்டால். தரையில் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சுமந்து நடப்பது: இரண்டு கையிலும் எடையோடு ஹாலில் நாற்பது விநாடி நடை. தண்ணிக் குடம் தூக்கி வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் இரண்டு வாரம் அசைவு மட்டும் பழகட்டும். செட்டுக்கு எட்டு ரெப், ஒவ்வொன்றிலும் இரண்டு செட், "இன்னும் அஞ்சாறு சாதாரணமாகச் செய்யலாம்" என்கிற எடை. தம் கட்டாதீர்கள்; எழும்போதும் இழுக்கும்போதும் மூச்சை விடுங்கள். திங்கள், வியாழன் மாதிரி நடுவே இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். தசைகளுக்கு வாரம் இரண்டு நாளாவது வேலை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நமக்கும் அது போதும்.

இந்த இரண்டு வாரத்தில் எடை சட்டென்று சுலபமாகத் தோன்றும். தசை வளர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இருக்கிற தசையை எப்படி வேலை வாங்குவது என்று நரம்புகள் கற்றுக்கொண்டிருக்கின்றன. தசை வளர்வது மெதுவான சமாச்சாரம்.

படி 3: உங்கள் எல்லையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்

மூன்றாவது வாரம் இதைச் செய்யுங்கள். இழுக்கும் அசைவில் மட்டும். ஏனென்றால் கை ஓய்ந்தால் டம்பெல்லைத் தரையில் வைத்துவிடலாம், மேலே விழ எதுவும் இல்லை. குந்தி எழும்போதோ, படுத்துக்கொண்டு எடையைத் தள்ளும்போதோ தனியாக இந்தப் பரிசோதனை கூடவே கூடாது.

லேசான எடையில் ஒரு செட் செய்து உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு பத்துப் பன்னிரண்டுதான் முடியும் என்று தோன்றுகிற எடையை எடுங்கள். இழுத்துக்கொண்டே வாருங்கள். "போதும், நிறுத்தலாம்" என்று மனசு சொல்லும் இடத்தில், நிறுத்தாமல், வாய்விட்டு ஓர் எண்ணைச் சொல்லுங்கள்: இன்னும் எத்தனை முடியும்? இரண்டு? மூன்று? சொல்லிவிட்டுத் தொடருங்கள். முதுகு முறுக்கிக்கொள்ளாமல், எடையை ஆட்டி வீசாமல், ஒழுங்காக இன்னொரு ரெப் வரவே வராது என்ற இடம்வரை போங்கள். அங்கே வைத்துவிடுங்கள்.

சொன்ன எண்ணையும் உண்மையில் வந்த எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். நான் 5 கிலோவில் பத்தாவது ரெப்பில் "இன்னும் ரெண்டு" என்றேன். ஒன்பது வந்தது. ஏழு தப்பு! மகள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். "அம்மா, நீ பொய் சொல்றே" என்றாள். பொய்யில்லை, எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன் ஒருமுறையாவது எல்லையைப் பார்த்திருந்தால்தானே தெரியும்?

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆணோ பெண்ணோ இப்படித்தான் முன்கூட்டியே நிறுத்துவார்கள். ஆனால் "பார்த்து, அடிபட்டுக்கப் போறே", "வயித்துல பாரம் வரும்" என்று கேட்டே வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம்.

படி 4: எரிச்சலும் எல்லையும்

தசை எரியும்போது முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். எரிச்சல் எல்லைக்கு வெகு முன்னாலேயே வந்துவிடும். மூச்சு வாங்குவதும் முகம் சுளிப்பதும் அப்படித்தான். நம்பக்கூடிய அடையாளம் வேகம். நீங்கள் அதே வேகத்தில் இழுக்க முயல்கிறீர்கள், ஆனால் டம்பெல் தானாக மெதுவாகிறது என்றால் எல்லைக்கு இரண்டு மூன்று ரெப் தூரத்தில் இருக்கிறீர்கள். சந்தேகமாக இருந்தால் போனைச் சாய்த்து வைத்து வீடியோ எடுங்கள். முதல் ரெப்பும் கடைசி ரெப்பும் ஒரே வேகத்தில் இருந்தால் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது.

இந்த 'மிச்சம்'தான் இனி உங்கள் அளவுகோல். உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பதை எண்ணால் சொல்ல வைத்தவர் குன்னர் போர்க் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர். அவருடைய அளவுகோல் விசித்திரமாக 6-இல் தொடங்கி 20-இல் முடியும். பத்தால் பெருக்கினால் தோராயமாக நாடித்துடிப்பு வர வேண்டும் என்பது கணக்கு. எடை தூக்குகிறவர்கள் பிற்பாடு அதைப் பத்துக்குள் சுருக்கி, மிச்ச ரெப்போடு இணைத்துக்கொண்டார்கள். மிச்சமே இல்லை என்றால் 10, இரண்டு மிச்சம் என்றால் 8. இணையத்தில் யாராவது 'ஆர்பிஇ 8' என்று எழுதியிருந்தால் விஷயம் இவ்வளவுதான்.

படி 5: இரண்டு மிச்சம் வைத்து நிறுத்துங்கள்

பரிசோதனை முடிந்தது. இனி வழக்கமான நாள்களில் எல்லைவரை போக வேண்டாம். ஒவ்வொரு செட்டிலும் ஒன்று முதல் மூன்று ரெப் மிச்சம் இருக்கும்போது நிறுத்துங்கள். பலம் கூட இது போதும். ஒவ்வொரு செட்டையும் கடைசிச் சொட்டுவரை பிழிந்தால் அடுத்த செட் கெடும், அடுத்த நாள் பயிற்சியும் கெடும், அசைவு கோணலாகும்.

எல்லையைத் தொடுவது போட்டிக்காரர்களுக்குப் போட்டியன்று. 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் பெண்கள் பளுதூக்குதல் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. 69 கிலோ பிரிவில் கர்ணம் மல்லேஸ்வரி இரண்டு வகைத் தூக்கலில் 110, 130 என்று தூக்கி மொத்தம் 240 கிலோவில் இருந்தார். கடைசி வாய்ப்பில் தங்கத்தைக் குறிவைத்து 137.5 கேட்டார். கைகூடவில்லை. வெண்கலம், ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயரோடு. அந்தக் கடைசி முயற்சி அன்றைக்குச் சரியான சூதாட்டம். வியாழக்கிழமை சாயங்காலம் ஹாலில் நமக்கு எந்தப் பதக்கமும் காத்திருக்கவில்லை.

நோட்டில் என் ஒரு வரி இப்படி இருக்கும்: "இழுப்பு, 7.5 கிலோ, 10 – 10 – 9, மிச்சம் 3, 2, 1." செட்டுகளுக்கு நடுவே இரண்டு நிமிடம் உட்காருங்கள். இந்த ஓய்வைத்தான் பெண்கள் திருடுகிறோம். குக்கர் விசில் எண்ணப் போய்விடுவோம்.

படி 6: எப்போது கூட்டுவது

மூன்றாவது வாரத்திலிருந்து ஒவ்வோர் அசைவிலும் மூன்று செட், 8 முதல் 12 ரெப். எட்டில் தொடங்குங்கள். அதே எடையில் மூன்று செட்டிலும் 12 வந்து, இரண்டு மிச்சமும் இருந்து, அடுத்த பயிற்சியிலும் அப்படியே என்றால் எடையைக் கூட்டுங்கள். கைக்கு ஒரு கிலோ, காலுக்கு இரண்டரை. ரெப் மறுபடி எட்டுக்கு வந்துவிடும், கவலை வேண்டாம். தண்டாலில் மேடையிலிருந்து நாற்காலிக்கு இறங்குவதுதான் 'எடை கூட்டுவது'. சுமந்து நடப்பதில் நாற்பது விநாடி முடிவில் பிடி நழுவாமல் இருந்தால் கூட்டலாம்.

"ஆம்பளை மாதிரி ஆயிடுவோமா?" என்ற கேள்வி இந்த இடத்தில்தான் வரும். நம் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் ஆண்களுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் 115 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி வெள்ளி வாங்கினார். அவர் படத்தைப் பாருங்கள், கேள்வி போய்விடும். நெல்லைப் பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்குப் பெண்கள், இளைஞர்கள் பலம் காட்டத் தூக்கும் இளவட்டக்கல்லையே தூக்குகிறார்கள். மாமியாரிடம் சொல்ல இது வசதி.

படி 7: இறக்க வேண்டிய நாள்கள்

தூக்கம் போன இரவு, காய்ச்சல் விட்ட மறுநாள், மாதவிடாயின் கனமான நாள்: அன்று 7.5 கிலோ பத்து கிலோ மாதிரி இருக்கும். எடையைப் பார்க்காதீர்கள், மிச்சத்தைப் பாருங்கள். எட்டு ரெப் முடிந்தபோது இரண்டு மிச்சம் இருந்தால் அன்றைக்கு அதுதான் உங்கள் எடை, அதைவிடக் குறைவாக மிஞ்சினால் எடையைக் குறையுங்கள். மாதவிடாய்ச் சுழற்சியின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி அட்டவணை விற்கிறார்கள், தேவையில்லை. முடிகிற நாளில் செய்யுங்கள், முடியாத நாளில் ஒரு செட்டோடு விடுங்கள்.

சாப்பாடு பற்றி ஒரே வரி: இட்லி, சாதம், ரசம் மட்டும் போதாது, முட்டையோ சுண்டலோ பருப்போ மீனோ ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும்.

படி 8: மிச்சம் பார்க்காமல் உடனே நிறுத்த வேண்டியவை

தசை கடுப்பது வேறு, மூட்டில் ஊசி குத்துவது வேறு. மூட்டு வலித்தால் அந்த அசைவை அன்றைக்கு விடுங்கள். நெஞ்சு இறுக்கம், மயக்கம், கண் இருட்டுவது என்றால் பயிற்சி முடிந்தது, டாக்டரைப் பாருங்கள்.

பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை வலி உச்சத்தில் இருக்கும், அது இயல்பு. ஆனால் வலி தாங்க முடியாமல், தசை வீங்கி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் ஆபத்து இருக்கலாம். காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். என்னுடைய அந்த நூறு ஸ்குவாட் நாளில் இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பாதியில் வீட்டுக்கு வந்திருப்பேன்.

இன்னொன்று, யாரும் வெளியே சொல்லாதது: எடை தூக்கும்போது சிறுநீர் கசிவது. பிரசவம் ஆனவர்களுக்கு நிறைய வரும். "வயசாயிடுச்சு" என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, இடுப்புத்தளத் தசைக்கென்றே பிசியோதெரபி இருக்கிறது. அதுவரை கசியாத அளவுக்கு எடையை இறக்கிக்கொள்ளுங்கள்.

ஆறு வாரம் கழித்து

மறுபடி படி 3. அதே இழுப்பு, அப்போது பத்துப் பன்னிரண்டு வருகிற எடை, வாய்விட்டு எண். எனக்கு இந்தமுறை 8 கிலோ. பத்தாவது ரெப்பில் "ரெண்டு" என்றேன். மூன்று வந்தது. மகள் நோட்டை வாங்கி, ஏழு என்று எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் ஒன்று என்று எழுதினாள்.