ரோம்: கொலோசியத்தைத் தாண்டிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கொலோசியம், வத்திக்கான், திரேவி நீரூற்று மூன்றையும் இரண்டு நாளில் முடித்துவிட்டு, "நாளைக்கு யாரும் போகாத ரோமைப் பார்ப்போம்" என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் அவென்டைன் குன்றில் ஒரு சாவித்துவாரத்தின் முன்னால்தான் போய் நிற்கிறார்கள். கண்ணை வைத்துப் பார்த்தால் தூரத்தில் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் தெரியும். அழகுதான். ஆனால் அதற்கும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. 'யாருக்கும் தெரியாத இடங்கள்' என்று இணையத்தில் பேர் வாங்கியவற்றைத் தொகுத்து இன்னொரு பட்டியல் போடாதீர்கள். ஒரு பேட்டையைத் தேர்ந்தெடுத்து நாள் முழுக்க அங்கேயே நடங்கள்.

என்னைக் கேட்டால் டெஸ்டாச்சோ. மெட்ரோ பி லைனில் பிரமிடே நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே உண்மையான பிரமிடு நிற்கும். கிமு முதல் நூற்றாண்டில் செஸ்தியஸ் என்ற ரோமானியருக்குக் கட்டிய கல்லறை அது. அதன் பின்னால் கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கான கல்லறைத் தோட்டம். 1821இல் இறந்த கவிஞர் கீட்ஸ் இங்கேதான் இருக்கிறார். பலர் அவர் பெயரைத் தேடித் தேடி ஏமாந்து திரும்புகிறார்கள். அவருடைய கல்லில் பெயரே கிடையாது. பக்கத்திலுள்ள நண்பர் செவர்னின் கல்லைக் கண்டுபிடியுங்கள், அதை வைத்து இதைப் பிடித்துவிடலாம்.

கொஞ்சம் நடந்தால் டெஸ்டாச்சோ குன்று. சுமார் 35 மீட்டர் உயரம், முழுக்க உடைந்த மண்சாடிகள்! ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆலிவ் எண்ணெய் வந்த சாடிகள். எண்ணெய் ஊறிப்போனவற்றைத் திரும்பப் பயன்படுத்த முடியாமல் உடைத்து அடுக்கியே ஒரு மலை ஆக்கிவிட்டார்கள். நேரே போய் ஏறிவிடலாம் என்று நினைக்காதீர்கள், வாசல் பூட்டியிருக்கும், முன்பதிவு வேண்டும். பதிவு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. குன்றின் அடிவாரத்தைக் குடைந்து நடத்தும் உணவகங்கள் சிலவற்றில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் அந்த ஓடுகளைப் பார்க்கலாம்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். இந்தப் பேட்டையில் 1975 வரை பெரிய இறைச்சிக்கூடம் இருந்தது. அதனால் இங்கே குடல், வால், நாக்குச் சமையலுக்குத் தனி மரியாதை. அங்கே போய் பீட்சா கேட்பது வீண். மாட்டு இரைப்பையைத் தக்காளியில் வேகவைத்து, பெக்கொரீனோ பாலாடைக்கட்டியும் புதினாவும் தூவித் தருவார்கள். வழக்கப்படி அது சனிக்கிழமை சமையல். ஆறு மணிக்கே இரவுச் சாப்பாட்டுக்குப் போய் நின்றால் கதவு மூடியிருக்கும், ஏழரைக்கு மேல் போங்கள். டெஸ்டாச்சோ சந்தையோ ஞாயிறு கிடையாது, மற்ற நாளிலும் மதியத்தோடு சரி.

அப்புறம் திங்கட்கிழமைச் சிக்கல். ஓஸ்தியென்சே சாலையில் உள்ள செண்ட்ராலே மொந்தெமார்த்தினி, 1912இல் தொடங்கிய பழைய மின்நிலையம். ராட்சத டீசல் எஞ்சின்களுக்கு நடுவே வெள்ளைப் பளிங்குத் தெய்வங்கள் நிற்கும். ரோமில் எனக்குப் பிடித்த அருங்காட்சியகம் இதுதான், திங்கள் விடுமுறை. தேவாலயங்களில் பல மதியம் சில மணி நேரம் சாத்திவிடுவார்கள், காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

மொந்தெமார்த்தினியிலிருந்து கார்பதெல்லா பக்கம்தான். 1920இல் தொழிலாளர்களுக்காக எழுப்பத் தொடங்கிய குடியிருப்பு; முற்றங்கள், மரங்கள், கொடியில் காயும் துணிகள். வெளிக்கதவு திறந்திருப்பதால் பொதுப் பூங்கா என்று எண்ணி, ஜன்னலுக்கு நேரே கேமராவை நீட்டுகிறார்கள். உள்ளே குடும்பங்கள் இருக்கின்றன. எதிர்ப்படுகிறவரிடம் ஒரு "புவோன் ஜோர்னோ" (இத்தாலிய மொழியில் வணக்கம்) சொல்லிவிட்டு நடங்கள்.

தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். தெருவோரத்தில் 'நசோனி' என்ற இரும்புக் குழாய்கள் ஓயாமல் குடிநீர் கொட்டிக்கொண்டிருக்கும். மூக்குபோல வளைந்த குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் பீச்சும். குனியாமல் குடிக்கலாம்.